துரை கொடுத்த வரம் அல்ல

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வயதானவர்கள் நாலு பேர் கூடிக் கோயில் பேச்சை எடுத்தால், யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் எழுந்து போகமாட்டார்: "வெள்ளைக்காரன் காலத்துல கோயில் கோயிலா இருந்துச்சு, கவர்மெண்டு கவர்மெண்டா இருந்துச்சு. அவன் போனான், அதுவும் போச்சு." கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். கோயிலைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த தோட்டமாக இருந்தால் இந்தப் பேச்சின் சுருதி இன்னும் கொஞ்சம் ஏறும்.

எதிர்முகாமில் அதே பாட்டு வேறு ராகத்தில் கேட்கிறது. சமயத்தையும் ஆட்சியையும் பிரித்து வைப்பது ஐரோப்பாவில் பாதிரிக்கும் ராஜாவுக்கும் நடந்த சண்டையில் பிறந்த சரக்கு, கப்பலேறி வந்தது, மெர்டேக்கா வாங்கிய நாட்டுக்கு அது எதற்கு என்கிறார்கள். 2001 செப்டம்பர் 29இல் அன்றைய பிரதமர் மகாதீர், கெராக்கான் கட்சி மாநாட்டு மேடையிலேயே, மலேசியா ஓர் இஸ்லாமிய நாடுதான் என்று அறிவித்தார். அதற்குப் பிறகு இந்த வாதத்துக்குத் துணிச்சல் கூடிவிட்டது.

ஒருவர் நன்றியோடு சொல்கிறார், இன்னொருவர் வெறுப்போடு சொல்கிறார். ஆனால் இந்தக் கொள்கை வெள்ளைக்காரத் துரையின் சொத்து என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. நான் மறுப்பது அந்த இடத்தைத்தான். துரையிடம் இந்தச் சொத்து இருந்ததே கிடையாது. இல்லாததை அவர் எப்படிக் கொடுத்துவிட்டுப் போயிருக்க முடியும்?

துரையின் சொந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்தின் மன்னர்தான் அந்நாட்டுத் திருச்சபைக்கும் தலைவர். இன்றைக்கும் 26 பிஷப்புகள் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து சட்டங்களுக்கு வாக்களிக்கிறார்கள். முடிசூட்டு விழாவில் மன்னருக்கு எண்ணெய் பூசி ஆசி வழங்குகிறவர் கேன்டர்பரி பேராயர். இப்படிப்பட்ட நாடு நமக்குச் சமயப் பிரிவினையைக் கற்றுக்கொடுத்ததாம்.

சரி, வீட்டில் ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி நடந்துகொண்டார்களோ? நம் பாட்டன் பூட்டன்கள் கப்பலேறிய சீமையில் நடந்ததைப் பார்த்தால் அதற்கும் விடை கிடைக்கும். சென்னை மாகாணத்தில் 1817இல் ஏழாம் ஒழுங்குவிதி என்று ஒன்றைக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்தது. கோயில் நிலம், வருமானம், கட்டளைகள் எல்லாம் வருவாய்த்துறை வாரியத்தின் மேற்பார்வைக்குள் போயின. கலெக்டர் கோயில் கணக்குப் பார்த்தார். தேர்த் திருவிழாவுக்குக் கிராமங்களிலிருந்து வடம் பிடிக்க ஆள் திரட்டுவதுகூட அரசு சேவகர்களின் வேலையாயிற்று. வர மறுத்தவனுக்கு அடியும் விழுந்தது. படைவீரர்கள் திருவிழாவில் மரியாதை வேட்டு முழக்கினார்கள். இதைப் பொறுக்காமல் சென்னைப் படைத்தளபதி பெரெக்ரின் மெய்ட்லண்ட் 1838இல் பதவியை உதறினார். அவர் ஒன்றும் சமய நடுநிலை விரும்பி அல்லர்; கிறிஸ்தவ அரசு விக்கிரகத்துக்குப் பணிவிடை செய்யலாமா என்பதுதான் அவருடைய மனக்குமுறல். மிஷனரிகளும் சேர்ந்துகொண்டு லண்டனில் கூச்சல் போட்ட பிறகுதான் கம்பெனி மெல்லக் கையை எடுத்தது. 1863இல் சட்டம் போட்டுக் கோயில்களைத் தர்மகர்த்தாக்களிடம் விட்டார்கள். பிறகு 1925இல் நீதிக்கட்சி ஆட்சி வேறு காரணங்களுக்காக வேறு சட்டம் போட்டுக் கோயில் நிர்வாகத்தைத் திரும்ப அரசின் கண்பார்வைக்குள் கொண்டுவந்தது தனிக்கதை.

இந்தப் பக்கம், பினாங்கில் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இந்து, முஸ்லிம் அறக்கட்டளைச் சொத்துகளுக்கு அரசாங்கமே வாரியம் அமைத்தது. அதன் வாரிசான பினாங்கு இந்து அறப்பணி வாரியம் இன்றும் இயங்குகிறது. கோயில் கோயிலாக இருந்ததாம்!

அடுத்து பங்கோர் ஒப்பந்தம். 1874 ஜனவரி 20இல் கையெழுத்தானது. பேராக் சுல்தான் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அப்படியே நடக்க வேண்டும்; மலாய்ச் சமயமும் வழக்கமும் மட்டும் விலக்கு. இந்த விலக்கைக் காட்டித்தான், அரசு வேறு சமயம் வேறு என்ற கோட்டை வெள்ளைக்காரர் இங்கே கிழித்தார்கள் என்று பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து மேடைப்பேச்சு வரை சொல்லிவருகிறார்கள். அதே ஆண்டில் சுங்கை ஊஜோங்கின் டத்தோ கிளானா பிரிட்டிஷ் பாதுகாப்பைக் கேட்டு வாங்கினார்; டத்தோ பண்டாருடன் சண்டை மூண்டது; நெகிரி செம்பிலானுக்குள் வெள்ளைக்காரர் கால்வைத்தது அப்படித்தான். 1895இல் சிற்றரசுகள் ஒரே மாநிலமாயின, அடுத்த ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்கள் உருவாயின.

ஒப்பந்தம் சமயத்துக்குக் கொடுத்த அந்த விலக்கு நடைமுறையில் எப்படி வேலை செய்தது? 1885இல் பேராக்கில், ரெசிடெண்ட் உட்கார்ந்திருந்த மாநில மன்றத்தில்தான், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகாத முஸ்லிம் ஆண்களுக்குத் தண்டம் விதிக்கும் ஆணை பிறந்தது. சிலாங்கூரில் 1894இல் முஸ்லிம்களின் கள்ள உறவைத் தண்டிக்கும் ஒழுங்குவிதி வந்தது. அதற்கு முன்னால் கம்பத்து இமாம் ஊர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஊரோடு இருந்தார். காடி என்ற சமய நீதிபதிப் பதவியைச் சம்பளப் பட்டியலில் ஏற்றி, வட்டாரம் பிரித்து, முத்திரையும் பதிவேடும் கொடுத்து உத்தியோகஸ்தராக்கியது காலனி நிர்வாகம். கிளந்தானில் 1915இல் தொடங்கிய சமய மன்றம் பின்னாளில் மற்ற மாநிலங்களுக்கு மாதிரியானது. அதுவும் பிரிட்டிஷ் ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது எழுந்ததுதான்.

1988இல் சே ஓமார் வழக்கில் உச்சநீதிமன்றத் தலைவர் சாலே அபாஸ் எழுதிய தீர்ப்பை எதிர்வாதமாக எடுத்துக்காட்டுவார்கள். பிரிட்டிஷார் வந்துதான் இஸ்லாமியச் சட்டத்தைத் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை என்ற குறுகிய அறைக்குள் தள்ளினார்கள், நாட்டின் பொதுச்சட்டம் சமயச் சார்பற்றதாயிற்று என்று அவர் வரலாறு சொன்னார். நீதிமன்றங்களைப் பற்றிய அளவில் அது சரி. ஆனால் மறு பாதியை அந்த வரலாறு சொல்லவில்லை. அறையைச் சிறிதாக்கியவர்களே அந்த அறைக்கு மேசை, நாற்காலி, கோப்பு, போலீஸ்காரன் எல்லாம் கொடுத்தார்கள். இன்றைய மாநிலச் சமய இலாகாக்களின் அஸ்திவாரம் அங்கேதான் போடப்பட்டது. இது பிரிவினை என்றால் கூட்டணி என்பது எது?

இனித் தோட்டத்துக்கு வருவோம். நம் ஆட்களின் ஏக்கத்துக்கெல்லாம் மூலஸ்தானம் அதுதானே.

லிங்கி, லாபு, ரந்தாவ், சுவா பெத்தோங், பகாவ் வட்டாரம் என்று எந்தப் பக்கத்துப் பழைய தோட்டத்தை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மேட்டில் துரை பங்களா. கீழே ஆபீஸ், ஸ்டோர். அதற்குக் கீழே பெரட்டுக்களம். பிறகு வரிசையாக லயங்கள், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, ஒற்றை அறைத் தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில். பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது 1923 தொழிலாளர் சட்டம். கோயில் வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. துரை தானாகவே இடம் ஒதுக்கித் தகரமும் பலகையும் கொடுத்தார். பக்தியா? கங்காணி ஒரே வட்டாரத்து ஆட்களைக் கூட்டிவருவான். அவர்களுடைய தெய்வமும் கூடவே வந்துவிட்டால் ஆள் ஓடமாட்டான். வேலையை விட்டு ஓடினால் சிறை என்ற விதி 1920களின் தொடக்கத்தில்தான் ஒழிந்தது. அதற்குப் பிறகு ஆளை நிறுத்திவைக்கக் கம்பெனிக்கு இருந்த கயிறுகளில் ஒன்று கோயில் திருவிழா.

சம்பள நாளில் கிராணி செக்ரோலைப் பிரித்து வைத்துக்கொண்டு பேர் வாசிப்பார். அரிசிக் கணக்கு கழியும், முன்பணம் கழியும், கோயில் பணம் என்று ஒரு தொகையும் கழியும். மீதிதான் கையில். நாத்திகனானாலும் கழியும், மாதாகோயிலுக்குப் போகிறவனானாலும் சில தோட்டங்களில் கழிந்தது. திருவிழாத் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பார்கள், ஆனால் துரை லீவு கொடுத்தால்தான் அந்தத் தேதி நிற்கும். கொடியேறியதும் துரைக்கு மாலை. முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு, அடுத்தது தண்டல்களுக்கு. லயங்களில் சாதி பிரித்துக் குடிவைத்தது போலவே கோயிலிலும் எல்லை இருந்தது. பறையர் லயத்துக்காரர்கள் வாசலோடு நிற்கவேண்டிய கோயில்கள் இருந்தன. ஒரே தோட்டத்தில் இரண்டு கோயில் எழுந்ததற்குப் பல இடங்களில் காரணம் இதுதான். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது யார்? பூசாரி அல்ல, ஊர்ப்பெரியவரும் அல்ல, ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர்.

அந்த லயத்து மனிதனுக்கு அரசாங்கம் என்பது கோலாலம்பூரோ லண்டனோ கிடையாது. கூலி கொடுத்ததும், வீடு கொடுத்ததும், வெளியே தள்ளியதும் துரைதான். அவனுக்குத் தெரிந்த அரசு அதுதான். அந்த அரசு கோயிலைத் தன் சட்டைப்பைக்குள் வைத்திருந்தது. அரசும் கோயிலும் இவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கிடந்த இடம் மலாயாவில் வேறெங்கும் இருந்திருக்காது. அதை நினைத்துக்கொண்டுதான் நம் பெரியவர், கவர்மெண்டு கவர்மெண்டாக இருந்தது என்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. துரை அம்மனுக்கு நிற்க இடம் கொடுத்தார், நிலம் கொடுக்கவில்லை. கோயில் நின்ற அரை ஏக்கரைத் தனி லாட்டாகப் பிரித்துக் கோயில் பேரில் கிராண்ட் (நிலப் பட்டா) எடுத்துக் கொடுத்த கம்பெனிகள் மிகக் குறைவு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது கோயில் யார் கைக்கோ போன துண்டில் நின்றது. தொண்ணூறுகளுக்குப் பிறகு நீலாய், செரம்பான் 2, செண்டாயான் என்று ரப்பரும் செம்பனையும் நின்ற பூமியில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, இப்படிப்பட்ட கோயில்கள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறிக் குடியேறியவை ஆகிவிட்டன. 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீபீல்ட் கோயிலில் கலவரம் வெடித்துத் தீயணைப்பு வீரர் ஒருவரின் உயிரையும் குடித்ததே, அதுவும் பழைய தோட்ட நிலத்தில் நின்ற கோயில்தான். இன்றைக்கு புல்டோசரோடு வருகிறவனைத் திட்டுகிறோம், திட்டுவோம். ஆனால் அந்தப் புல்டோசருக்கு வழி விட்டுவைத்துப் போனவர் மாலை வாங்கிக்கொண்ட அதே துரை. அவருக்கு நன்றிப்பா பாடுவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

அப்படியானால் இந்த மண்ணில் சமயத்தின் கையையும் ஆட்சியின் கையையும் விலக்கிப் பிடித்தவர்கள் யார்? நான் முதலில் சொல்வது ரெம்பாவின் மலாய்ப் பெண்களை.

நெகிரி செம்பிலானின் அடாட் பெர்பாத்தே மினாங்கபாவிலிருந்து வந்த தாய்வழி மரபு. பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இரண்டும் எப்படி ஒரே ஊரில் வாழ்ந்தன என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் வியப்பில்லை. தொழுகைக்குப் பள்ளிவாசல், நிலத்துக்கு அடாட். 1951இல் ரெம்பாவில், பரம்பரை நிலத்துக்கும் சமயச் சட்டமே பொருந்த வேண்டும் என்று சமய அறிஞர்கள் தரப்பிலிருந்து ஒரு முயற்சி கிளம்பியது. ஊர் இரண்டுபட்டது. பெண்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கணவன்மாரைத் துறந்துவிடுவோம் என்று மிரட்டும் அளவுக்கு விவகாரம் போனது. கடைசியில் அடாட் நின்றது. இந்தப் பெண்கள் ஐந்து வேளை தொழுகிறவர்கள். லாக்கையோ வால்டேரையோ படித்தவர்கள் அல்லர். சமயத்தின் பேரால் ஆட்சி தங்கள் வயலுக்குள் இறங்குவதைத் தடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதில்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கொள்கை முழுதும் இருக்கிறது.

அடுத்த சாட்சி இன்னும் எதிர்பாராதது. அரசியலமைப்பை வரைய 1956இல் வந்த ரீட் ஆணையம். லார்ட் ரீட், ஐவர் ஜென்னிங்ஸ் என்று இரண்டு பிரிட்டிஷார், ஆஸ்திரேலியாவின் மெக்கெல், இந்தியாவின் பி. மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீத். மலாயாக்காரர் ஒருவர்கூட இல்லை என்பதால், சமயச் சார்பின்மையை இவர்கள்தான் நம் தலையில் கட்டினார்கள் என்ற கதை சுலபமாக ஓடுகிறது. நடந்தது வேறு. இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக அறிவிக்கும் வாசகம் வேண்டாம் என்று ஆணையத்திடம் திட்டவட்டமாகச் சொன்னவர்கள் மலாய் ஆட்சியாளர்கள். தங்கள் வழக்கறிஞர் மூலம், தங்களுடைய குறிப்பான கட்டளை இது என்று சொல்லவைத்தார்கள். ஆணையத்தின் பெரும்பான்மை அந்த வாசகத்தைச் சேர்க்கவில்லை. சேர்க்கலாம், அதனால் தீங்கில்லை என்று தனிக்குறிப்பு எழுதியவர் அப்துல் ஹமீத்.

ஆட்சியாளர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்? ஒவ்வொரு மாநிலத்திலும் இஸ்லாத்தின் தலைவர் அந்தந்த ஆட்சியாளர். கூட்டரசுக்கு ஒரு சமயம் வந்துவிட்டால் அந்த அதிகாரம் கோலாலம்பூருக்கு நழுவிவிடுமோ என்ற கவலை. உயர்ந்த இலட்சியம் ஒன்றுமில்லை, சொந்த உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளும் புத்திதான். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ரெம்பாவ்ப் பெண்களுக்கும் நிலம்தான் பிரச்சினையாக இருந்தது.

இஸ்லாம் நாட்டின் சமயமாக வேண்டும் என்று கேட்ட கூட்டணிக் கட்சியே தன் மனுவில், இதனால் பிற சமயத்தார்க்கு எந்தத் தடையும் வராது, நாடு சமயச் சார்பற்றது அல்ல என்றும் பொருள்படாது என்று சேர்த்து எழுதியது. அம்னோ, ம.சீ.ச., சம்பந்தனின் ம.இ.கா. மூன்றும் ஒப்புக்கொண்ட வரி அது. 1957 வெள்ளை அறிக்கையும் கூட்டரசின் சமயச் சார்பற்ற நிலை இதனால் பாதிக்கப்படாது என்றது. அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு இன்று இருக்கும் வடிவம் இந்தப் பேரத்தில் உருவானது: கூட்டரசின் சமயம் இஸ்லாம், மற்றச் சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம், இந்தப் பிரிவு வேறெந்தப் பிரிவையும் குறைக்காது. இதைப் பேரம்பேசி முடித்தவர்கள் இந்நாட்டவர்கள். முதல் மாமன்னராக அரியணை ஏறியவர் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். அடுத்த ஆண்டே பிரதமர் துங்கு, இது பொதுவாகப் புரிந்துகொள்ளப்படும் பொருளில் இஸ்லாமிய நாடு அல்ல என்று சட்டமன்றத்தில் சொல்லிவிட்டார்.

"எல்லாம் சரி, மூலக் கருத்து மேற்கிலிருந்துதானே வந்தது?" என்று ஒருவர் கேட்பார். மேற்கில் அது யாரிடமிருந்து வந்தது என்று அவரைத் திருப்பிக் கேட்க வேண்டும். பாடப்புத்தகம் தத்துவஞானிகளின் பெயர்களைச் சொல்லும். அவர்களுக்கு முன்பே சிறையில் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கிய தாமஸ் ஹெல்விஸ், மன்னனும் மனிதன்தான், ஆன்மாவின்மேல் அவனுக்கு அதிகாரமில்லை என்று 1612இல் புத்தகம் எழுதினார். நியூகேட் சிறையில் செத்தார். மாசசூசெட்ஸ் காலனி துரத்திவிட்ட போதகர் ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். அங்கே யார் எதை வணங்கினாலும் ஆட்சி கேட்காது. அமெரிக்க விடுதலைக்கு முந்திய ஆண்டுகளில் வர்ஜீனியாவில் உரிமம் வாங்காமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர்கள் சிறைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே கூடிய கூட்டத்துக்குப் பிரசங்கித்தார்கள். அந்த மாநிலத்தில்தான் 1786இல் சமயச் சுதந்திரச் சட்டம் வந்தது. சமயத்துக்கும் அரசுக்கும் நடுவே மதில் என்று ஜெபர்சன் எழுதிய புகழ்பெற்ற கடிதம் 1802 புத்தாண்டு நாளில் எழுதப்பட்டது. யாருக்கு? கனெக்டிகட்டின் டான்பரி ஊர்ப் பாப்டிஸ்டுகளுக்கு. அங்கே அரசின் ஆதரவு பெற்ற சபை வேறு, அவர்கள் சிறுபான்மை. இவர்கள் எல்லாரும் கடவுளைத் தீவிரமாக நம்பியவர்கள். பலர் சாதாரண உழைப்பாளிகள். ஐரோப்பிய அரசுகளும் திருச்சபைகளும் இவர்களை அடித்தன. அடித்தவன், அடிபட்டவன் இருவரையும் "மேற்கு" என்ற ஒரே மூட்டையில் கட்டி, அடிபட்டவன் கண்டுபிடித்ததை அடித்தவன் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

இந்த இடத்தில் நம் ஆட்களில் சிலர் உற்சாகமாகிவிடுவார்கள். "அப்படியென்றால் நாங்கள்தான் முதலில். திருக்குறளில் எந்தச் சமயமும் இல்லையே! அரசன் அழைத்தும் போகாத அப்பர் இருக்கிறாரே!" என்பார்கள். இந்தப் பெருமையும் எனக்கு வேண்டாம். அப்பர் அரச ஆணையை மறுத்த கதை உண்மையிலேயே பெரிய கதை. சுண்ணாம்புக் காளவாயையும் யானையையும் கண்டு அஞ்சாத கதை. ஆனால் பெரியபுராணம் அதோடு நிற்கவில்லை. பல்லவன் சைவனானதும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரஈச்சரம் எடுத்தான் என்றும் அதே நூல் சொல்கிறது. ஆட்சி பக்கம் மாறியது, பிடி தளரவில்லை. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் படித்தவர்களுக்கு, எந்தெந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும், 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு எந்த வீடு என்பதெல்லாம் அரச ஆணையாக வெட்டப்பட்டிருப்பது தெரியும். சோழர் கோயில் ஓர் அரசாங்க இலாகாவேதான். ஆகவே தமிழன்தான் முதலில் என்ற பலகையை இங்கே நட இடமில்லை.

அதிகாரத்தில் இருப்பவன் பீடத்தையும் தனதாக்கும்போது கீழே இருப்பவன் கையைத் தட்டிவிடுகிறானே, அங்கெல்லாம் இந்தக் கொள்கை புதிதாகப் பிறக்கிறது. நம் தோட்டங்களிலும் பிறந்தது. 1929 கடைசியில் பெரியார் மலாயா வந்துபோன பிறகு, கோயிலுக்குள் யார் வரலாம், முதல் மரியாதை கங்காணிக்கு எதற்கு என்ற கேள்விகள் லயங்களுக்குள் நுழைந்தன. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1946இல் செரம்பானில் பி. பி. நாராயணன் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பல சங்கங்கள் இணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தது. சங்கம் கேட்டது கூலி உயர்வு. ஆனால் தகராறு தீர்க்கத் துரையிடம் ஓடவேண்டியதில்லை என்ற தைரியம் வந்த பிறகு, கோயில் கணக்கைக் கிராணி கையிலிருந்து வாங்கித் தாங்களே கமிட்டி வைத்துப் பார்க்கத் தொழிலாளிகளுக்கு வெகுகாலம் பிடிக்கவில்லை. எந்த வரலாற்றுப் புத்தகமும் இதைச் சமயப் பிரிவினை என்று எழுதாது. நான் எழுதுகிறேன்.

சரி, இன்றைக்கு இதைத் துரையின் சொத்து என்று விட்டுக்கொடுப்பதால் யாருக்கு நட்டம்? இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைத்தால் ஜெம்போலுக்குப் போங்கள். செர்டிங் தேசியப் பள்ளியில் 1997இல் தலைப்பாகை அணிந்து வந்த மலாய்ச் சிறுவர்களைப் பள்ளி வெளியேற்றியது. நபிவழி என்று நம்பி அணிந்தவர்கள். வழக்கு செரம்பான் உயர்நீதிமன்றத்தில் 1999இல் சிறுவர்களுக்குச் சாதகமாக வந்தது, மேல்முறையீட்டில் மாறியது, 2006இல் கூட்டரசு நீதிமன்றம் பள்ளியின் பக்கமே முடித்தது. அந்தத் தீர்ப்பை எழுத, இஸ்லாத்தில் தலைப்பாகை அத்தியாவசியமா இல்லையா என்று நீதிபதிகள் ஆராய வேண்டியிருந்தது. சமயத்தை ஆட்சியோடு கட்டிப்போட்ட நாட்டில், ஒரு முஸ்லிம் சிறுவன் எதைச் சமயக் கடமையாகக் கொள்ளலாம் என்பதை அரசு சொல்கிறது. பிரிவினை அந்தச் சிறுவர்களுக்கும்தான் வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக் காயங்கள் எல்லாருக்கும் தெரியும். 1988இல் அரசியலமைப்பில் 121(1A) சேர்ந்தது. ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்குள் வரும் விவகாரங்களில் சிவில் உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. நெகிரி செம்பிலானின் இந்துத் தாய் ஒருவர், கணவர் மதம் மாறிப் பிள்ளைகளையும் அவருக்குத் தெரியாமல் மாற்றிவிட்ட பிறகு, ஷரியா நீதிமன்றம் தகப்பனுக்கும் செரம்பான் உயர்நீதிமன்றம் 2014இல் தாய்க்கும் எதிரெதிர் உத்தரவு கொடுத்ததைப் பார்த்தார். மகனைத் தகப்பன் தூக்கிப்போனார், போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 2016இல் கூட்டரசு நீதிமன்றம், சிவில் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் பற்றிய வழக்கு சிவில் நீதிமன்றத்துக்கே உரியது என்றது. ஆளுக்கொரு பிள்ளை என்றும் பிரித்துக் கொடுத்தது. 2018 ஜனவரி 29இல் இந்திரா காந்தி என்ற இன்னொரு தாயின் வழக்கில்தான் ஒருதலைப்பட்ச மதமாற்றம் செல்லாது என்று வந்தது. இவ்வளவு தூரம் போராடிய தாய்மார்களிடம் போய், நீங்கள் கேட்பது வெள்ளைக்காரன் சரக்கு என்று சொல்லிப்பாருங்கள்.

ஆனால் இங்கேயும் நம்மை நாமே விட்டுவிடக் கூடாது. சமயத்தில் ஆட்சி தலையிடுகிறது என்று மேடையில் முழங்கிவிட்டு, அதே மாலையில் கோயில் திருவிழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினரை அழைத்து, துரைக்குப் போட்ட இடத்திலேயே மாலை போடுகிறோம். முதல் பரிவட்டம் அவருக்கு. அவர் ஒலிபெருக்கியில் மானியத் தொகையைச் சொல்லும்வரை அம்மன் தேர் காத்திருக்கும். பெரிய அட்டையில் எழுதிய காசோலையோடு ஒரு படம். தேர்தலில் ஆள் மாறினால் கமிட்டியும் மாறும், ஒரே கோயிலுக்கு இரண்டு தலைவர்கள் சங்கப் பதிவகத்துக்கு மனுப்போடுவார்கள். கங்காணி போனான், இந்தப் பழக்கம் போகவில்லை. பைசா வாங்கிய இடத்தில் வாய் திறக்க முடியாது என்பது தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாமும் வரி கட்டுகிறோம், மசூதிக்குக் கொடுக்கிற அரசு கோயிலுக்கும் கொடுக்கட்டுமே" என்ற வாதத்தை நான் சாதாரணமாகத் தள்ளிவிட மாட்டேன். பாகுபாடு இருக்கும் வரை அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் சலுகைக்கும் உரிமைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். ஆண்டுக்கொரு காசோலை சலுகை. கொடுப்பவன் நினைத்தால் நின்றுவிடும். கோயில் நின்ற நிலத்துக்குத் தனி லாட், அறங்காவலர் பேரில் கிராண்ட் என்பது உரிமை. கொடுத்த பிறகு எந்தக் கட்சியாலும் நினைத்த மாத்திரத்தில் எடுக்க முடியாது, கொடுத்தவரை ஆண்டுதோறும் மேடையேற்றவும் வேண்டாம். கோயில் நின்ற இடத்தைச் சட்டபூர்வமாக்க மறந்த கம்பெனிகள் லாபத்தை வாரிக்கொண்டு போய்விட்டன. அந்த நிலங்களை வாங்கி வீடு கட்டுகிறவர்களிடமும், நிலத்துக்குப் பொறுப்பான மாநில அரசிடமும் கேட்க வேண்டியது இதைத்தான். நிலம் மாநில அதிகாரம். ஆகவே விண்ணப்பம் போகவேண்டிய இடம் மாவட்ட நில அலுவலகம். கோயில் எப்போதிருந்து நிற்கிறது என்பதற்குப் பழைய சம்பளச் சீட்டு, திருவிழா நோட்டீஸ், பதிவுச் சான்று என்று கையில் இருப்பதையெல்லாம் இணையுங்கள். எந்தத் தலைவரின் சிபாரிசுக் கடிதத்தையும் மட்டும் இணைக்காதீர்கள்.